மலை மூடினால் நட்டம் யாருக்கு?

சென்ற ஷஅபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில், தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், விடுமுறையில் ஊர் வந்திருந்த சகோதரர் ஒருவர் நம்மை அணுகி அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக வளைகுடா வெயிலில் உழைத்துக் காசு சேர்த்தவர். தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், கொடைக்கானல்ல நம்ம பையன் ஒருத்தன் புதுசா ஒரு தொழில் தொடங்குறான். மேல்மலையில பூண்டு, தேன், கீழ்மலையில காபிக்கொட்டை. எல்லாத்தையும் விவசாயிங்ககிட்ட நேரா வாங்கி, சுத்தம் பண்ணி, பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்பப் போறான். ஏழெட்டுப் பொம்பளைங்களுக்கு வேலை கிடைக்கும். நான் 5 லட்சம் போடலாம்னு இருக்கேன். பேங்குல போட்டா வட்டி. இவன் லட்சத்துக்கு மாசம் 2,000 லாபம் தர்றேங்குறான். ஏழைக்கு உதவுன மாதிரியும் ஆச்சு, நமக்கும் ஹலாலா ஒரு வருமானம். சரிதானே?"

மஸ்அலா கடினமானதன்று. மதரஸாவில் மூன்றாம் ஆண்டு ஓதும் மாணவர்கூட விடை கூறிவிடுவார். ஆயினும் நம் நாவு உடனே எழவில்லை. காரணம், அதே காரியத்தை நாமே செய்திருந்தோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம். இமாமத் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், வீட்டில் இருந்த இரண்டு வளையல்களை விற்றதுமாக ஒன்றரை லட்சம் ரூபாயைக் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் கடை வைத்திருந்த தூரத்து உறவினர் ஒருவரிடம் கொடுத்தோம். நீலகிரித் தைலம், வீட்டுச் சாக்லேட், மலைப்பூண்டு, தேன் விற்கும் சிறு கடை. தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. வங்கி அவருக்குக் கடன் தராது; அடமானம் வைக்க அவரிடம் எதுவுமில்லை. மாதம் 3,000 ரூபாய் 'லாபம்' தருவதாகப் பேச்சு. முதலீடு என்று நாம் சொன்னோம். அவரும் அப்படியே சொன்னார். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி பணம் தவறாமல் வந்தது. அவருடைய கணக்கு நோட்டை நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. மாதம் 3,000 வருகிறவனுக்குக் கணக்கு நோட்டு எதற்கு?

கொடைக்கானல் வியாபாரம் சீசனை நம்பியது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். சமவெளி கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மலையேறி வரும் கூட்டத்தை வைத்தே ஆண்டு முழுவதும் பிழைக்க வேண்டும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மலை மூடிவிட்டது. ஏரிக்கரையில் ஆளில்லை, வத்தலக்குண்டு சாலையில் பேருந்தில்லை. ஏப்ரல் 10ஆம் தேதி நமக்குப் பணம் வரவில்லை. 13ஆம் தேதி நாமே போன் செய்தோம்.

"மாமா, கடை பூட்டிக் கிடக்கு. சரக்குச் சாக்லேட்டெல்லாம் பூத்துப் போச்சு. அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடுறேன்" என்றார்.

"பரவாயில்லை தம்பி, அவசரமில்லை. முடியும்போது சேர்த்தே கொடுங்கள்" என்றோம். அப்போது அது நமக்குப் பெருந்தன்மையாகவே தோன்றியது! அந்த ஆண்டு ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. எனவே பயான்களைப் பதிவு செய்து ஜமாஅத்தாரின் போன்களுக்கு அனுப்பி வந்தோம். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, வட்டியின் கேடுகள்.

டிசம்பரில் அவர் ஆறு மாத பாக்கி 18,000 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினார். வியாபாரம் எழுந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். தமது இருசக்கர வாகனத்தை விற்று அந்தப் பணத்தை அனுப்பினார் என்பதை அவருடைய தாயார் ஒரு நிக்காஹ் வீட்டில் சொல்லித்தான் பின்னர் அறிந்தோம். பூட்டிய கடையில் எங்கிருந்து லாபம் வந்தது? விற்பவருமில்லை, வாங்குபவருமில்லை. அந்த 18,000 ரூபாய்க்கு லாபம் என்ற பெயர் எந்தக் கிதாபில் இருக்கிறது?

இது நம் ஒருவருடைய கதையாக மட்டும் இருந்தால் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. நம் வீடுகளில் பரவலாக நடப்பது இது. இன்னொரு புறம், படித்தவர்களும் பெரும் செல்வந்தர்களும் இதே கேள்வியை வேறு பெயரில் உலக அளவில் எழுப்பி வருகிறார்கள். வளரும் நாடுகளில் புதிதாக முளைக்கும் சிறு தொழில்களில் பணம் போட்டு, லாபமும் ஈட்டி, ஏழைகளுக்கும் நன்மை செய்வது என்பது அவர்கள் கொள்கை. 2007ஆம் ஆண்டு இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கூட்டத்தில் இதற்கு 'இம்பாக்ட் இன்வெஸ்டிங்' என்று பெயரிட்டார்கள். சமூகப் பயன் முதலீடு என்று நாம் சொல்லலாம். பெயர் வருமுன்பே காரியம் இங்கு தொடங்கியிருந்தது. ஆவிஷ்கார் என்னும் நிதி நிறுவனமும், சென்னையில் வில்குரோ அமைப்பும் 2001ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டன. இத்தகைய முதலீடு உலகில் சுமார் 1.57 லட்சம் கோடி டாலர் இருக்கும் என 2024ஆம் ஆண்டில் அத்துறையின் உலகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது.

நோக்கம் தவறு என்று நாம் கூறமாட்டோம். தர்மம் கொடுத்து ஒருவனை வாசலில் நிறுத்துவதைவிட, முதல் கொடுத்து அவனைக் கடையில் உட்கார வைப்பது மேலானது. மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் சஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாச் சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியது அவர்களின் வணிகம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரியின் வரலாறும் அபூதாவூதில் வருகிறது. அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் கோப்பையையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலத்தில் இரண்டு திர்ஹத்திற்கு விற்று, ஒன்றில் வீட்டுக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்து, கோடரிக்குத் தம் கரத்தாலேயே காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் பேசிய இமாம்கள் உண்டு. ஆயினும் கருத்தை மறுத்தவர் இல்லை. அங்கே முதல் மட்டுமா கொடுக்கப்பட்டது? கரமும் கொடுக்கப்பட்டது, பதினைந்து நாளைக்குப் பின் கணக்கும் கேட்கப்பட்டது.

ஆக, நல்ல நோக்கத்துடன் லாபமும் நாடலாமா என்பது இங்கு கேள்வியன்று. தாராளமாக நாடலாம். நபித்துவத்துக்கு முன்பு, கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வணிகம் செய்ததும், லாபம் ஈட்டி வந்ததும் யாவரும் அறிந்ததே. தொழில் செழிக்கும்போது எல்லாப் பணமும் நல்ல பணமாகத்தான் தெரியும். கேள்வி எங்கே எழுகிறது? மலை மூடும்போது எழுகிறது. அப்போது அந்தப் பணம் எங்கே நிற்கிறது? தொழில் செய்பவனுக்குப் பக்கத்திலா, எதிரிலா?

கொடைக்கானல் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்வோம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால் முதலிய மேல்மலை ஊர்களில் விளைவது. காரமும் மணமும் மிக்கது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெரிய சந்தை மலையில் இல்லை; அடிவாரத்தில் பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டியில் இருக்கிறது. விதைப்பூண்டு வாங்கவும் உரம் போடவும் கையில் காசில்லாத விவசாயி மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார். விளைந்ததை அந்த மண்டிக்கே கொண்டுவந்து போட வேண்டும். கமிஷன் கழித்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். இது மண்டித் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். இதில் வட்டி என்ற சொல்லே வராது. ஆனால் கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவனுக்கு அந்தக் கடன் எந்த ஆதாயத்தை நிபந்தனையாக இழுத்து வந்தாலும் அது ரிபாவின் வாசல் என்பது ஃபிக்ஹு நூல்களின் ஒருமித்த கூற்று. மண்டிக்காரர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. சில சமயம் அந்த விவசாயிக்கு உலகில் வேறு யாருமே இல்லை. மகள் பிரசவத்துக்கு நள்ளிரவில் பணம் கொடுப்பவரும் அவரே. அதனால்தான் முடிச்சை அவிழ்ப்பது கடினமாகிறது.

ஷரீஅத் இதற்கு வழி சொல்லாமல் விடவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் வரப்போகும் கனிகளுக்கு ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஒழிக்கவில்லை; அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் வியாபாரம். முழு விலையையும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். இன்ன தரம், இத்தனை கிலோ, இன்ன நாள் என்று எழுதிவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் கனியை, பக்குவம் வெளிப்படுமுன் விலைபேசுவதையோ தடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணமாக அவர்கள் கேட்ட கேள்வியின் கருத்தை ஒவ்வொரு முதலீட்டாளரும் நெஞ்சில் வைக்க வேண்டும்: அல்லாஹ் அந்தக் கனியைத் தடுத்துவிட்டால், எதைக் கொண்டு உம் சகோதரனின் பொருளை நீர் ஹலாலாக்கிக்கொள்வீர்?

தடுப்பது என்பது மலைவாசிகளுக்குக் கதையல்ல. கீழ்மலையில் பேர்பெற்ற மலைவாழைத் தோட்டங்களைக் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய் அழித்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி, கடலோரத்தில் கரையேறிய கஜா புயல், யாரும் எதிர்பாராமல் மலையேறி வந்து மரங்களைச் சாய்த்து மண்சரிவை உண்டாக்கியது. 2020இன் சீசன் போயிற்று. 2021 ஏப்ரல் 20 முதல் இரண்டாம் அலைக்காக மீண்டும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை. அந்தச் சீசனும் போயிற்று. விளைந்த கனிக்கு வந்த விபத்தில், மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அழிந்தால் விலையைத் தள்ளிக் கொடுப்பது கட்டாயம் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய சொல்லில் அது கட்டாயமன்று, விரும்பத்தக்கது. இமாம்கள் சட்டத்தின் அளவில் வேறுபட்டார்கள். விபத்தைக் கண்டுகொள்ளாத பணத்தை அவர்களில் எவரும் புகழவில்லை.

அரசாங்கத்தின் கணக்கையும் இங்கு பார்ப்பது நல்லது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. கடையைப் பூட்டு என்று உத்தரவு, அதே கடையின் கடனுக்கு வட்டி கட்டு என்றும் உத்தரவு! வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 மார்ச் 23ஆம் தேதி, அந்த ஆறு மாதத்தில் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது நீதிமன்றம். வட்டியை முழுமையாகத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. வங்கிக்கும் வைப்பாளருக்கு வட்டி கொடுக்கும் சுமை இருந்தது என்பது உண்மைதான். வட்டியின் மீது கட்டிய வீட்டில் ஒரு தூணை மட்டும் எப்படி எடுப்பது? இந்தச் செய்தியைப் படித்தபோது வங்கிகளை மனதிற்குள் ஏசினோம். அந்த 18,000 ரூபாய் நம் பெட்டியில்தான் இருந்தது.

லட்சத்துக்கு மாதம் 2,000 என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள். ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து அவர்களை உயர்த்தலாம் என்று பங்களாதேஷில் முஹம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கி 1983இல் முறையான வங்கியாயிற்று. 2006இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றது. அதைப் பார்த்து நம் நாட்டில் கிளம்பிய கம்பெனிகளில் பல, நல்ல நோக்கத்தின் பெயரால் திரட்டிய முதலீட்டில் வளர்ந்தவை. 2010ஆம் ஆண்டு அவற்றுள் ஒன்றான எஸ்.கே.எஸ். நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்து பெருவிலை போயின. அதே ஆண்டு அக்டோபரில், வசூல் கொடுமையால் தற்கொலைகள் நிகழ்கின்றன என்ற குரல் எழுந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின் ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு, இத்தகைய கடனுக்கு வட்டி 24 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2011இல் ரிசர்வ் வங்கி 26 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தது. 2022இல் அந்த வரம்பும் நீக்கப்பட்டுவிட்டது. கடன் கம்பெனிகளுக்கு மிஞ்சிப் போனால் இவ்வளவு என்று ஒரு குழு கூறிய அதே 24 சதவீதத்தை, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே 'லாபம்' என்று நாம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

சரி, கடன் வேண்டாம். பங்காகச் சேர்வோம் என்கிற முதலீட்டாளர்களும் உண்டு. இது நமது ஷிர்கத், முளாரபாவுக்கு அருகில் வருகிறது. எனினும் அவர்களின் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு ஷரத்து இருக்கும். தொழில் மூழ்கினால், மிஞ்சியதில் முதலீட்டாளர் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார். தொடங்கியவனுக்கு, ஏதேனும் எஞ்சினால் உண்டு. கப்பலில் ஏறும்போது கூட்டாளி. கவிழும்போது ஒரே படகு அவருக்கு மட்டும்! கூட்டு வியாபாரத்தில் நட்டம் முதலின் விகிதப்படியே பிரிய வேண்டும் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டு நிற்கின்றன. லாபத்தைப் பேசி வைக்கலாம். நட்டத்தைப் பேசித் தள்ள முடியாது.

இதற்கு அடிப்படையாக இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் படையுடன் இராக் சென்று திரும்புகையில், பஸராவின் அமீர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுநிதியை அவர்களுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் சேர்த்துவிட்டு லாபத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. உமர் (ரலி) விடவில்லை. படையிலிருந்த எல்லாருக்கும் இப்படிக் கொடுத்தாரா? கலீஃபாவின் மக்கள் என்பதால்தானே? முதலையும் லாபத்தையும் வையுங்கள் என்றார்கள். அப்துல்லாஹ் மௌனமாக இருந்தார்கள். உபைதுல்லாஹ் மட்டும் தந்தையிடம் வாதாடினார்கள்: அந்தப் பணம் வழியில் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்களல்லவா ஈடுகட்டியிருப்போம்! அவையில் இருந்த ஒருவர், இதை கிராளு ஆக்கிவிடலாமே என்றார். கிராளு என்பது முளாரபாவுக்கு ஹிஜாஸ் மக்கள் வழங்கிய பெயர். உமர் (ரலி) இசைந்து, முதலையும் லாபத்தில் பாதியையும் பைத்துல்மாலில் சேர்த்தார்கள், மறுபாதி புதல்வர்களுக்கு.

இதில் நம்மைத் தைப்பது உபைதுல்லாஹ்வின் அந்த ஒரு வாதந்தான். நட்டத்துக்குத் தோள் கொடுத்து நின்றவனுக்கே லாபத்தில் பேச வாய் உண்டு. ஆட்சித் தலைவருக்கு முன், தந்தைக்கு முன் நின்று பேசவும் அந்தத் தோள் துணிவு தந்தது. மூஞ்சிக்கல் கடையில் நமக்கு அப்படி என்ன தோள் இருந்தது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாம் நீதி செய்தவர் ஆகமாட்டோம். 2024இல் பூண்டு விலை எக்கச்சக்கமாக ஏறியது. அவ்வாண்டு மலைப்பூண்டு விற்றவருக்கு நல்ல லாபம். மாதம் 2,000 என்று பேசியவனுக்கு அப்போதும் 2,000தான். ஆக, குறித்த தொகை பேசுவது கெட்ட காலத்தில் உழைப்பவனை நசுக்குகிறது. நல்ல காலத்தில் முதல் போட்டவனை ஏமாற்றுகிறது. விகிதம் பேசினால் இரண்டும் இல்லை. ஆனால் விகிதம் பேசினால் நோட்டு வேண்டும். நம் சமுதாயத்தில் முளாரபா தழைக்காமல் போனதற்குப் பணக்காரரின் பேராசை ஒரு காரணம் என்றால், நோட்டை மறைத்த கூட்டாளிகள் இன்னொரு காரணம். லாபம் வந்த மாதத்தில் நோட்டு கிடைக்காது. நட்டம் வந்த மாதத்தில் நோட்டு தானாக வீடு தேடி வரும்! அனுபவப்பட்டவர்கள் சிரிப்பார்கள். அமானத்தில் ஒருவன் செய்யும் மோசடியால், அடுத்த பத்து ஏழைப் பிள்ளைகளுக்கு முதல் கிடைக்காமல் போகிறது. அந்தப் பாவம் அவன் ஏட்டில் எத்தனை வரிகளில் எழுதப்படுமோ!

நன்மையை யார் அளப்பது என்பதும் இத்துடன் ஒட்டிய கேள்வி. பத்துப் பேருக்கு வேலை என்று முதலீட்டாளரே எழுதிக்கொள்ளும் அறிக்கையை நம்பலாமா? கொடைக்கானல் இதற்கு ஒரு கசப்பான பாடம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை 1983-84 வாக்கில் இங்கு கொண்டுவரப்பட்டது. மலைமக்களுக்கு வேலை கிடைத்தது. அன்றைக்கு அது நன்மை என்றே கணக்கில் ஏறியிருக்கும். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. தங்கள் உடல்நலம் கெட்டது என்று போராடிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016இல்தான். வேலை கொடுத்ததை எண்ணினார்கள். மூச்சில் கலந்ததை யாரும் எண்ணவில்லை. நன்மையை அளப்பதற்கு அதைப் பெற்றவனின் வாயைத்தான் கேட்க வேண்டும். அவனோ பணம் கொடுத்தவர் முன்னால் வாய் திறக்கமாட்டான். நம் உறவினர் வண்டி விற்றதை நம்மிடம் சொன்னாரா?

2021 கடைசியில் நாம் மலையேறினோம். அதற்கு முன் நம் உஸ்தாதிடம் சென்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னோம். அவர்கள் அதிகம் பேசவில்லை. சூரத்துல் பகராவில் வட்டியைப் பற்றிய ஆயத்துகளை எடுத்து ஓதச் சொன்னார்கள். தௌபாச் செய்தவருக்கு அவருடைய மூலப்பொருள் உண்டு என்ற இடத்தில் நிறுத்தினார்கள். நட்டத்தில் பங்கில்லாமல், முதல் பத்திரம், மாதம் இவ்வளவு என்று பேசியது கடன். பெயரை மாற்றினால் அது முளாரபா ஆகிவிடாது. எனவே இதுவரை வாங்கியதெல்லாம் முதலில் கழிய வேண்டும் என்றார்கள். கணக்குப் பார்த்தோம். 2020 மார்ச் வரை 63,000. வண்டி விற்று அனுப்பியது 18,000. அக்டோபர் முதல் 2021 மார்ச் வரை 18,000. ஆக 99,000. அவர் நமக்குத் தர வேண்டியது 51,000 மட்டுமே.

அவர் ஏற்க மறுத்தார். "நல்ல மாசத்துல நான் சம்பாதிச்சது உண்மைதானே மாமா? உங்க காசு இல்லாட்டி இந்தக் கடையே இல்லை" என்றார். நாமும் பிடிவாதமாக நின்றோம். அந்த 51,000மும் ஈராண்டில் சிறுகச் சிறுக வந்து சேர்ந்தது. வீட்டில் இந்தக் கணக்கை விளக்கியபோது, வளையலை இழந்தவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தக் கிதாபெல்லாம் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஓதினதுதானே நீங்க?" என்று கேட்டார். இன்றுவரை அதற்கு நம்மிடம் விடை இல்லை.

இத்தனையும் அன்று வளைகுடாச் சகோதரரிடம் சொன்னோம். அவர் முகம் மாறியது. "அப்படின்னா நட்டம் வந்தா என் காசு போயிடுமா ஹஜ்ரத்?" என்றார். போகும் என்றோம். மறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு வந்தார். 5 லட்சம் 4 லட்சமாகியிருந்தது. நாம் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கு மார்க்கச் சட்டம் தெரிந்தவர்களுக்காக ஒரு குறிப்பு. முதலாளியின் பணத்தில் வாங்கி விற்பதற்கே ஷாஃபிஈ மத்ஹபில் கிராளு செல்லும்; கோதுமை வாங்கி மாவரைத்து ரொட்டி சுட்டு விற்பது போன்ற உற்பத்தி வேலை அதில் செல்லாது என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். காபிக்கொட்டை வறுத்து அரைப்பது இதில் சேரும். ஆகவே இருவரும் முதல் போடும் ஷிர்கத்தே பேணுதலானது. அதிலும் லாபத்தை முதலின் அளவுக்கு மாறாகப் பிரிக்க ஷாஃபிஈ மத்ஹபில் இடமில்லை. ஹனஃபீ மத்ஹபில் உண்டு. இருவருமே ஹனஃபீ குடும்பத்தினர் என்பதால் அவ்வழியே எழுதினோம். இளைஞர் தாம் சேர்த்த 1 லட்சத்தைப் போட்டார். லாபம் பாதிக்குப் பாதி, ஏனெனில் உழைப்பு முழுவதும் அவருடையது. நட்டம் நாலுக்கு ஒன்று. மாதா மாதம் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்க வேண்டும். பூண்டு கொடுக்கும் விவசாயிக்கு முன்பணம் கொடுத்தால் அதை ஸலமாக எழுத வேண்டும். விற்றால் நமக்கே விற்க வேண்டும் என்று கட்டக் கூடாது. சாட்சிகளாக முஅத்தினும் முத்தவல்லியும் கையெழுத்திட்டார்கள்.

முதல் ஆறு மாதக் கணக்கு முடிந்தது. 11,500 ரூபாய் நட்டம். சகோதரரின் பங்கு 9,200. இளைஞரின் பங்கு 2,300, அத்துடன் ஆறு மாத உழைப்பும். அன்றிரவு வளைகுடாவிலிருந்து போன் வந்தது. சலாம் சொன்ன பிறகு வெகுநேரம் பேச்சே இல்லை. நாம் அஞ்சிக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், 14ஆம் பக்கத்துல வண்டி வாடகை ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. ஏன்?"

பழனி வழியாக அனுப்ப வேண்டிய மூட்டைகளை, மழையால் வத்தலக்குண்டு சுற்றி அனுப்ப நேர்ந்தது என்று இளைஞர் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினோம்.

"அடிவாரத்துல ஒரு சின்ன குடோன் பிடிச்சா இந்தச் செலவு மிச்சமாகுமே? பழனியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த இளைஞரின் போன் எண்ணை மறுபடி அனுப்பச் சொன்னார்.